என்ன ரெசின் என்று மட்டும் சொல்ல மாட்டான்: மூன்று வருடம் ஓட்டிய ஒரு ஜெட் ஸ்கீ ஹல்

ஈசிஆரில் இருக்கும் மச்சான் போன வாரம் ஒரு ஜெட் ஸ்கீ ஹல்லின் (எஞ்சின் இல்லாத வெறும் உடல்கூடு) போட்டோ அனுப்பியிருந்தான். "நீ வச்சிருக்குற அதே ஹல்தானே இது? விலையைக் குறைச்சிருக்கான். வாங்கிரவா?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று ஃபோனை எடுத்தேன். நாலு குரல் பதிவு அனுப்பியும் பாதிக் கதைதான் ஆகியிருந்தது. அதனால் எழுதிவிடுகிறேன். நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்றாலும், ஃபைபர் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

வண்டி யமஹா சூப்பர்ஜெட், பழைய 701 சிசி டூ-ஸ்ட்ரோக். ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது வாங்கியது. அது கீழக்கரை வந்து சேர்ந்த கதை தனி. 1990-இல் வந்த மாடல், 2020 வரைக்கும் டூ-ஸ்ட்ரோக்காகவே ஓடியது. 2021-இல் மூன்று சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் ஆக்கிவிட்டார்கள். என் எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது. கம்பெனி ஹல்தான் பம்புக்கு (தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளுவது) முன்னால் பிளந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியாள் செய்த ஹல் ஒன்றை வரவழைத்து, பழைய எஞ்சின், பம்ப், ஹேண்டில் கம்பம் எல்லாவற்றையும் அதில் மாற்றினேன். இங்கே பழைய மர வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் புது ஃபைபர் வள்ளத்தில் பூட்டுகிறார்களே, அதே வேலைதான்.

கம்பெனி ஹல்லை, கண்ணாடியிழையும் ரெசினும் (இழையோடு சேர்ந்து இறுகும் பிசின்) ஏற்கெனவே கலந்த தாளைச் சூடான அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். கனம் கூடுதல், ஆனால் ஆயிரமாவது ஹல்லும் முதல் ஹல் மாதிரியே இருக்கும். வெளியாள் செய்வது அப்படி இல்லை. அச்சுக்குள் துணியை விரித்துக் கையால் ரெசின் தடவுவார்கள், அல்லது காற்றை உறிஞ்சி எடுத்து ரெசினை உள்ளே இழுக்க விடுவார்கள். அன்றைக்குச் செய்தவனின் கை எப்படியோ ஹல் அப்படி.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோபம் ஏறிவிட்டால் அப்புறம் சொல்ல வராது.

கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் எங்கள் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளித்துக் கிடக்கும். வடகடல், அதாவது பாக் விரிகுடா, குளம் மாதிரி இருக்கும். அப்போது மினி லாரியில் ஏற்றி அரியமான் பக்கம் கொண்டுபோவேன். (தென்கடலில் தீவுகள் பக்கம் போவதே இல்லை. 21 தீவும் தேசியப் பூங்கா. வேகப் படகு வைத்துக்கொண்டு அங்கே என்ன வேலை?) புது ஹல்லை முதல்முறை அங்கே இறக்கிய காலை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பழையதில் ஒரு திருப்பத்துக்கு உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ள வேண்டும். இதில் கழுத்தைத் திருப்பினால் போதும், வண்டி திரும்பிவிடுகிறது. அடிப்பாகம் முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் ஒரு அடி உயர அலை வந்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாற்பது வயதைத் தாண்டிய எனக்கே பதினெட்டு வயசுப் பையன் திமிர் வந்தது. கால் வைக்கும் தட்டு, கால் மாட்டும் பிடிகள் எல்லாம் அச்சு எடுத்தது போல் பொருந்தின. வெளிப்பூச்சு மூன்று வருட வெயிலுக்குப் பிறகும் சுண்ணாம்பாக உதிரவில்லை. இதையெல்லாம் மறுத்தால் நான் பொய்யன்.

ஆனால் அந்த ஹல் தண்ணீர் குடிக்கிறது.

வந்து இறங்கிய அன்றைக்கு மீன் எடை போடும் தராசில் வெறும் ஹல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், 41 கிலோ. எட்டு மாதம் கழித்து எஞ்சினை இறக்கியபோது ஏதோ சந்தேகத்தில் மறுபடி தொங்கவிட்டேன், 52 கிலோ. பதினோரு கிலோ எங்கிருந்து வந்தது? உள்ளே மிதப்புக்காக நிரப்பியிருக்கும் நுரையில் தேங்கிய கடல்தான். பம்பு உட்காரும் இடத்தின் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். எதிலும் இடிபட்டதில்லை. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் ஒட்டு அந்த இடத்தில்தான் முடிகிறது. பம்பின் உதைப்பு முழுவதும் அங்கேதான் விழுகிறது. அந்த மூலையில் ஒரு அடுக்கு துணி கூடுதலாகப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

பாம்பனில் ஃபைபர் வள்ளம் ஒட்டும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு ஹல் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டிங்' என்றது, விரிசலைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு 'தொத்' என்றது. "அடுக்கு விட்டுப்போச்சு தம்பி" என்றவர், மதியத்துக்குள் அரைத்து, மேட் (நறுக்கிய கண்ணாடியிழை விரிப்பு) வைத்து, பாலியெஸ்டர் ரெசினில் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் கலந்து பூசி முடித்துவிட்டார். அவர் அளவுக்கரண்டி எல்லாம் வைப்பதில்லை. வெயிலைப் பார்ப்பார், மூடியில் ஊற்றுவார், கலக்குவார். கால் மணி நேரத்தில் இறுகியது. சூடு கூடினால் குறைப்பார், மழைக்காலத்தில் கூட்டுவார். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் பாட்டிலையும் கேட்டலிஸ்ட் பாட்டிலையும் மட்டும் ஷெட்டின் இரண்டு மூலையில் வைத்திருப்பார். அவை இரண்டும் நேராகக் கலந்தால் வெடித்துவிடும்.

பதினெட்டாம் நாள் அந்த ஒட்டு கழன்றது. உடையவில்லை, பிய்யவில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த அப்பளம் மாதிரி வட்டமாக, முழுசாக, கையோடு வந்தது. அதை அண்ணனிடம் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் ஒட்டியது இப்படிக் கழன்றதில்லை.

ஒன்றும் பேசாமல் கிரைண்டரை எடுத்து ஓரத்தில் லேசாக அரைத்தார். தூசியை முகர்ந்து பார்த்தார். "வாசமே இல்லையே" என்றார். பாலியெஸ்டரை அரைத்தால் மூக்கில் குத்துகிற ஸ்டைரீன் வாசம் வரும், எத்தனை வருடம் பழகிய வள்ளமானாலும். இதில் வரவில்லை. "தம்பி, இது எபாக்சி. எங்க ரெசின் இதுல பிடிக்காது."

இதில்தான் எனக்குத் தலைக்கேறியது. எபாக்சி வேறு வகை ரெசின். அதைப் பழைய பாலியெஸ்டர் மேல் பூசினால் பிடிக்கும். இறுகிய எபாக்சி மேல் பாலியெஸ்டரைப் பூசினால் ஒழுங்காகப் பிடிக்காது. ஹல் எந்த ரெசினில் செய்தது என்ற ஒரே ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் எனக்கு ஒரு மாதமும் அண்ணனுக்கு ஒரு அவமானமும் மிச்சமாகியிருக்கும். விற்றவனுக்கு வாங்குவதற்கு முன்பே கேட்டு எழுதியிருந்தேன். 'உயர்தர மரைன் ரெசின்' என்று பதில் வந்தது. கழன்ற பிறகு மறுபடி எழுதினேன். 'எங்கள் தயாரிப்பு ரகசியம்' என்றான். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. சமையல்காரன் மசாலாவைச் சொல்லாமல் இருக்கட்டும், கறி ஆடா மாடா என்று சொல்ல வேண்டாமா?

இரண்டாவது முயற்சி நானே செய்தது. ஹார்ட்வேர் கடை எபாக்சிப் பசை, இரண்டு டியூப். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

மூன்றாவது முறை சென்னையிலிருந்து எபாக்சியும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் வரவழைத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பழக்கப்படி மேட்டை வைத்துப் பூசினார். வெள்ளை வெள்ளையாக நின்றதே தவிர மேட் ஊறவே இல்லை. மேட்டில் நறுக்கிய இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் ஏது? இழை அப்படியே விறைத்துக்கொண்டு நின்றது. "இறுகலையே" என்று அவர் ஹார்ட்னரை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பாலியெஸ்டரில் அந்தக் கை சரி. எபாக்சியில் ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகாது, இறுகாமலே போகும். மூன்று நாள் கழித்தும் பலாப்பழப் பால் மாதிரி ஒட்டியது. அவ்வளவையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அண்ணன் என்னைத் திட்டவில்லை, ஹல் செய்தவனைத் திட்டினார். அதில் பாதியைத்தான் இங்கே எழுத முடியும், அதையும் எழுதவில்லை.

நாலாவது முறை இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்துவிட்டு ஆரம்பித்தோம். முதலில் உள்பக்கம் திறந்து ஊறின நுரையைத் தோண்டி எடுத்தோம். கையில் பிழிந்தால் ஒழுகியது. அப்புறம் உப்பு போகக் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். ராமநாதபுரம் மாவட்டத்தில் காவிரித் தண்ணீரை எடுத்து ஜெட் ஸ்கீயைக் குளிப்பாட்டினால் எங்கள் உம்மா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். காய்வதற்கு ஷெட்டில் மூன்று வாரம் கிடந்தது. பிறகு அரைத்தல். ஹல் அந்த இடத்தில் 4 மி.மீ. கனம். சரிவாக அரைக்கும்போது கனத்தைப்போல் 12 மடங்கு அகலம் வேண்டும், அதாவது சுற்றிலும் 48 மி.மீ. விரல் நீள விரிசலுக்குச் சோற்றுத்தட்டு அகலம் அரைத்தோம். அரைக்க அரைக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணன் மட்டும் நிம்மதியாக இருந்தார். வள்ளத்துக்கும் அவர் அப்படித்தான் அரைப்பாராம்.

மேட்டுக்குப் பதிலாக இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தைத்த துணி. ரெசினுக்கும் ஹார்ட்னருக்கும் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு. அதைப் பார்த்து அண்ணன் சிரித்தார், ஆனால் கிராம் கணக்கில் ஊற்றினார். முதல் அடுக்கு காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வந்தது. ஈரக்காற்று அடிக்கும் கடற்கரையில் எபாக்சி இப்படித்தான் வேர்க்கும். தின்னர் போட்டுத் துடைத்தால் படலம் பரவும், போகாது. வெறும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். தேய்த்து, உலர்த்தி, உப்புத்தாள் போட்டு அடுத்த அடுக்கு. அந்த மூலைக்கு மட்டும் இரண்டு அடுக்கு கூடுதல். மூடிய பிறகு எடை 44 கிலோ.

பதினான்கு மாதம் ஆகிறது. அந்த மூலை அசையவில்லை. போன மாதம் நாணயத்தை வைத்துத் தட்டினேன், ஹல்லிலேயே அந்த இடம்தான் கணீரென்று கேட்கிறது.

அரைத்தபோது வேறு ஒன்றும் தெரிந்தது. 'கார்பன் ஹல்' என்று விற்றார்கள். உண்மையில் வெளியே ஒரே ஒரு அடுக்குதான் கார்பன், உள்ளே எல்லாம் கண்ணாடியிழை. பளபளப்புக்காகப் போட்ட கறுப்புச் சட்டை. ஒரு விதத்தில் அது எனக்கு நல்லதாகப் போயிற்று. கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரித்துப் போகும். கால் தட்டில் கார்பன் வெளியே தெரியும் இடத்தில் ஒரு அலுமினியத் துண்டு போல்ட் போட்டு இருக்கிறது, அதைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடி பூக்கிறது. கண்ணாடியிழையில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் தகடுகளில் ஒன்றும் இல்லை. முழுக் கார்பன் கொடுத்திருந்தால் எஞ்சினே கழன்று விழுந்திருக்குமோ என்னவோ. ஏமாற்றியதற்காக நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

மச்சான், உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. எதில் செய்தான் என்று சொல்லாதவனிடம் வாங்கிய பொருளை ரிப்பேர் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது. நீ எப்படியும் வாங்கத்தான் போகிறாய் என்றும் எனக்குத் தெரியும். அப்படியானால் இரண்டு விஷயம். பணம் கட்டுவதற்கு முன் ரெசின் பெயரை எழுத்தில் வாங்கு. வந்த அன்றைக்கே தராசில் தொங்கவிட்டு எடையை ஹல்லுக்குள்ளேயே மார்க்கரில் எழுதி வை. பம்பு மூலையைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே உள்ளிருந்து இரண்டு அடுக்கு போட்டுவிடு. மூன்று ஆகிவிட்டது, பரவாயில்லை.

என்னுடையதைக் கொடுக்கிறாயா என்று மரைக்காயர்பட்டினத்துப் பையன் ஒருவன் போன மாதம் கேட்டான். நான் போட்ட காசை விடக் கூடவே சொன்னான். இல்லை காக்கா (அண்ணன்), நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று மறுநாளும் வந்தான். இந்த ஹல்லைப் பற்றி இங்கே எழுதிய அவ்வளவையும் அவனிடமும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில் கொடுக்க முடியாது என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வடகடலுக்குக் கொண்டுபோகிறேன். பாம்பன் அண்ணனும் வருகிறார். அவர் ஒட்டிய மூலை தண்ணீருக்குள் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டுமாம்.