கோஹாவுக்கு மாறும் நூலகங்கள்: பொருந்தாத புலங்களை எங்கே வைத்துத் திருத்துவது?

கல்லூரி நூலகத்தின் சேர்க்கைப் பதிவேடு பெரும்பாலும் ஓர் எக்செல் தாளாகத்தான் இருக்கிறது. சேர்க்கை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை, பில் எண், வகைப்பாட்டு எண் என்று பதினைந்து இருபது நெடுவரிசைகள். போய்ச் சேர வேண்டிய நூலக மென்பொருளான கோஹாவிலோ 'தலைப்பு' என்று ஒரு கட்டம் கிடையாது. நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகக் கணினியில் பதியும் மார்க் 21 முறைப்படி 245-ஆம் புலத்தின் 'ஏ' துணைப்புலம் தலைப்பு, 'பி' (b) துணைத்தலைப்பு. ஆசிரியர் 100-இல், ஐஎஸ்பிஎன் 020-இல், ஒவ்வொரு பிரதியின் விவரமும் 952-இல். அங்கே 'பி' (p) என்றால் பார்கோடு, 'ஓ' என்றால் அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பெண், 'ஜி' என்றால் விலை.

இரண்டையும் எங்கே வைத்துப் பொருத்துவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. தாளிலேயே முடித்துவிடலாம் என்பார் ஒருவர். மார்க் பதிவுகளை உருவாக்கும் மார்க்எடிட் மென்பொருளே போதும் என்பார் இன்னொருவர். முதலில் ஏற்றுவோம், பிறகு கோஹாவுக்குள் திருத்திக்கொள்ளலாம் என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் தரவைச் சுத்தப்படுத்தும் கருவியான ஓபன்ரிஃபைன் பக்கம் சாய்ந்தவன் நான். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேறாக இருப்பது ஒரு சிக்கலே அல்ல. 'விலை' என்பதை 952 'ஜி' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாட்களைத் தின்பவை வேறு. ஒரே கட்டத்தில் மூன்று ஆசிரியர்கள் இருப்பது. ஒரே நூலின் ஐந்து பிரதிகள் ஐந்து வரிசைகளாக இருப்பது. 'ரெஃப்', 'ரெஃபரன்ஸ்', 'பார்வை நூல்' என்று ஒரே வகையை மூன்று விதமாக எழுதியிருப்பது. பில் எண்ணைப் போல, எதிர்ப்பக்கத்தில் இடமே இல்லாத புலங்கள். எந்த வழியையும் இவற்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எக்செல்

எல்லோருக்கும் தெரிந்த கருவி என்பதே இதன் பலம். பலவீனம், கேட்காமலேயே உதவி செய்வது. கணினி அறிவியல் நூலின் வகைப்பாட்டு எண் 005.133 என்றால், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்து) கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தவுடன் அது 5.133 ஆகிவிடும். கோடு இல்லாமல் எழுதிய 13 இலக்க ஐஎஸ்பிஎன், அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பிலும் பதியும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். இடையிடையே கோடு போட்டு ஐஎஸ்பிஎன் எழுதியவர்கள் தம்மை அறியாமலேயே தப்பித்தார்கள். இதழ்களின் '3-4' என்னும் கூட்டு எண் தேதியாக மாறும். இது நம் ஊர் நூலகர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காகவே 2020-இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது தேதி. பதிவேட்டில் 3/4/98 என்றால் ஏப்ரல் மூன்று. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் எக்செல் அதை மார்ச் நான்கு என்று எடுத்துக்கொள்ளும். 13/4/98-ஐ மட்டும் தொடாது, ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது. ஆக, ஒரே நெடுவரிசையில் ஒரு பகுதி பிழையான தேதியாகவும் மறுபகுதி வெறும் எழுத்தாகவும் நிற்கும். பிழையான பகுதி பார்வைக்கு ஒழுங்காகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கோஹா எதிர்பார்ப்பது ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை. மாற்றத்தைத் தொடங்கும்போதே அடித்தளம் பிழையாகிவிடுகிறது.

'தரவு' பகுதி வழியாகக் கோப்பை உள்ளிழுத்து, எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து (டெக்ஸ்ட்) வகையாக அறிவித்தால் இதைத் தவிர்க்கலாம். 2023 முதல் புதிய பதிப்புகளில் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியும் வந்திருக்கிறது. ஆனாலும் இன்னொரு குறை மிஞ்சுகிறது. நேற்று எந்தக் கட்டத்தை என்ன செய்தோம் என்று எக்செல் எழுதி வைப்பதில்லை. பாதி வேலையில் நூலகர் புதிய பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்து.

மார்க்எடிட்

பெயர்ப் பொருத்தத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. இலவசம். நெடுவரிசைக் கோப்பைக் கொடுத்து, இது 245 'ஏ'-வுக்கு, அது 020 'ஏ'-வுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம். தலைப்பும் துணைத்தலைப்பும் ஒரே 245-இல் சேர வேண்டுமானால் அந்த இரண்டையும் இணைக்கச் சொல்ல வேண்டும். மறந்தால் இரண்டு 245-கள் உருவாகும். நெடுவரிசைகளின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், முதல் நாளில் எல்லோரும் ஒரு கட்டம் தள்ளித்தான் பொருத்துகிறார்கள். நானும் அப்படித்தான்: விலைகள் எல்லாம் அழைப்பெண்ணாகிப் போயின. ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் வார்ப்புருவாகச் சேமித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக் கொள்முதல் பட்டியலுக்கும் அதுவே உதவும்.

தமிழ் நூல்கள் இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவின் தலைப்பகுதியில் 9-ஆம் இடத்தில் யூனிகோடைக் குறிக்கும் 'ஏ' இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவை மார்க்-8 என்னும் பழைய குறிமுறையாக எடுத்துக்கொண்டு, தமிழ்த் தலைப்புகள் சிதைய வழியுண்டு. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்த தலைப்புகளை அதற்கும் முன்பே, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடாக்கிவிட வேண்டும்.

உள்ளடக்கம் அழுக்காக இருந்தால் மார்க்எடிட் ஒன்றும் செய்யாது என்று சொல்லமாட்டேன், தேடி மாற்றும் வசதிகள் உண்டு. ஆனால் எது அழுக்கு என்று அது காட்டாது. நீங்களே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஓபன்ரிஃபைன்

அழுக்கைக் காட்டுவதுதான் இதன் தொழில். 2010-இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் பிறந்து, கூகுள் ரிஃபைனாக மாறி, 2012 முதல் ஓபன்ரிஃபைன் என்ற பெயரில் திறமூலத் திட்டமாக நடந்துவருகிறது. உலாவியில் திறந்தாலும் இயங்குவது நம் கணினியில்தான். பதிவேடு வெளியே எங்கும் போவதில்லை.

பதிப்பக நெடுவரிசையில் ஃபேசட் போட்டால், ஒவ்வொரு வடிவமும் எத்தனை முறை வருகிறது என்று ஓரத்தில் பட்டியல் விரியும். ஒரே பதிப்பகம் ஒன்பது விதமாக எழுதப்பட்டிருப்பதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்போம். 'கிளஸ்டர்' வசதி, ஒத்தவற்றைத் தானே கூட்டிக் காட்டி, ஒன்றாக்கட்டுமா என்று கேட்கிறது. கேட்கிறது என்பதுதான் எக்செலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

தமிழ்ப் பெயர்களில் இது நன்றாகவே உதவுகிறது. 'க. முருகன்', 'முருகன், க.', 'முருகன் க' மூன்றும் ஒரே குழுவில் விழும். விரல்ரேகை என்னும் முறை நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களை அகரவரிசையில் அடுக்கி ஒப்பிடுவதே காரணம். ஆனால் புள்ளிக்குப் பின் இடம் விடாமல் 'க.முருகன்' என்று எழுதியிருந்தால் புள்ளி போனதும் 'கமுருகன்' என்று ஒரே சொல்லாகி, தனியே நின்றுவிடும். ஆகவே முதல் வேலையாகப் புள்ளிக்குப் பின் ஓர் இடம் சேர்த்துவிடுங்கள். இரண்டு வெவ்வேறு முருகன்களை இது ஒருவராக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அங்கே நூலகரின் நினைவாற்றலுக்கு மாற்று இல்லை.

பல ஆசிரியர்களை 100-க்கும், கூடுதல் ஆசிரியர்களுக்கான 700-க்கும் பிரிப்பதும், ஐந்து பிரதி வரிசைகளை ஒரே நூலாகச் சேர்ப்பதும் இங்கேதான் எளிது. செய்த ஒவ்வொரு படியும் வரலாற்றில் இருக்கும். அதைக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால், புதிய பட்டியல் வந்ததும் அதே படிகளை மீண்டும் ஓட்டலாம். கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்பது உண்மை. சில ஆயிரம் நூல்களுக்குமேல் இருந்தால் அந்த நாட்கள் திரும்பி வந்துவிடும்.

கோஹாவுக்குள்ளேயே

கோஹா பதிவுகளை நேரடியாக நூல் அட்டவணைக்குள் கொட்டுவதில்லை. முதலில் ஒரு காத்திருப்பு நிலையில் வைக்கிறது. பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறோம். அனுப்பிய பிறகும் அந்தத் தொகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். நூல்களை வழங்கத் தொடங்குவதற்கு முன் இது பெரிய காப்பு. காத்திருப்பில் வைக்கும்போதே ஒரு மாற்று வார்ப்புருவையும் ஏவலாம்: இந்தப் புலத்தை அங்கே நகர்த்து, அதை நீக்கு, இந்த மதிப்பைப் போடு என்று.

'பிறகு திருத்திக்கொள்ளலாம்' கட்சிக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஏற்கனவே இருக்கும் பதிவுகளோடு ஐஎஸ்பிஎன் வழியாக ஒப்பிட்டு, பிரதிகளை மட்டும் சேர்க்கக் கோஹாவுக்குத் தெரியும். ஆனால் ஒரே கோப்புக்குள் இருக்கும் ஐந்து வரிசைகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஒப்பீடு நடக்கும் நேரத்தில் அவற்றில் எதுவும் அட்டவணையில் இல்லையே. விளைவு, ஒரே நூல் தேடலில் ஐந்து முறை வரும். பிறகு ஒவ்வொன்றாக இணைக்கும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். கிளைக் குறியீடும் நூல் வகைக் குறியீடும் கோஹாவில் முன்பே வரையறுத்தபடி அச்சாக இருக்க வேண்டும். பார்கோடு இரட்டித்தால் அந்தப் பிரதியை விட்டுவிடும். அறிக்கையில் எண்ணிக்கை வரும். அதைப் படிக்காமல் மூடிவிடுபவர்களே அதிகம்.

நிரல் எழுதத் தெரிந்தவருக்குப் பைமார்க் என்னும் பைத்தான் நிரல் தொகுப்பு இதையெல்லாம் ஒரே இடத்தில் செய்யும். ஆனால் எழுதியவர் ஊர் மாறிப் போன பின் அந்த நிரலை யார் தொடுவார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

எனவே என் வரிசை இது. தாளைப் பார்ப்பதற்கு மட்டும் எக்செல், அதுவும் நகலை. மதிப்புகளையும் வடிவத்தையும் ஓபன்ரிஃபைனில் முடிப்பது. மார்க்எடிட்டில் புல எண்களைப் பொருத்துவது. முதலில் ஐம்பது நூல்களை மட்டும், அவற்றிலும் வேண்டுமென்றே பல பிரதி, பல ஆசிரியர், தமிழ்த் தலைப்பு உள்ளவற்றைத் தேர்ந்து, கோஹாவில் ஏற்றித் திரும்பப் பெற்றுப் பார்ப்பது. ஐந்நூறு நூல்களே உள்ள சிறு நூலகமானால் ஓபன்ரிஃபைனை விட்டுவிடலாம். எழுத்து வகையாகத் திறந்த எக்செலும் மார்க்எடிட்டும் போதும்.

மிஞ்சுவது, இடமில்லாத புலங்கள். தேவையில்லை என்று பில் எண்ணை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. 500-ஆம் பொதுக் குறிப்பில் போட்டால் வாசகர் தேடலிலும் பில் எண் வந்து நிற்கும். 952-இன் 'எக்ஸ்' துணைப்புலம் பணியாளர் மட்டும் பார்க்கும் குறிப்பு. பில் எண்ணும் பில் தேதியும் அங்கேதான் போக வேண்டும், 'பில்:' என்று முன்னொட்டு சேர்த்து. விற்பனையாளர் பெயருக்கு 952 'இ' ஏற்கனவே இருக்கிறது. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் காணாமற்போன நூலுக்குத் தணிக்கையாளர் முதலில் கேட்பது அந்தப் பில் எண்ணைத்தான், அந்த நேரத்தில் பழைய பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.