எடையை நம்பலாம், கொழுப்புக் கணக்கை நம்பக்கூடாது: கண்ணாடி மெஷினுடன் மூன்று வருடம்

"அண்ணே, மிஷினுக்கு வெல கொறஞ்சு கெடக்கு, வாங்கட்டா?" என்று கேட்டு, குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஜிம்முக்குப் போகும் தம்பி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். நான் வைத்திருக்கும் எடை மெஷினின் அதே மாடல்தான். கண்ணாடித் தட்டு, கால் வைக்க நான்கு உலோகத் தகடு, ஏறி நின்றால் எடையோடு கொழுப்பு சதவீதம், தசை, தண்ணீர் எல்லாம் போனுக்கு வரும். அந்த விவரம் விற்கிற இடத்திலேயே இருக்கிறது. மூன்று வருடம் தினமும் காலையில் ஏறி இறங்கிய பிறகு சொல்ல வேண்டியது வேறு.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் காட்டும் கொழுப்பு சதவீதத்தைப் பார்த்துச் சாப்பாட்டைக் கூட்டிக் குறைக்கிறவர்கள் ஜிம்முக்கு ஜிம் இருக்கிறார்கள். ஒரு புள்ளி ஏறினால் ராத்திரிச் சோற்றை நிறுத்துகிறார்கள். அடுத்த வாரம் ஸ்குவாட்டில் (தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) ஐந்து ரெப், அதாவது ஐந்து தடவை, போன எடை மூன்றில் நின்றுவிடுகிறது. பிறகு புரோட்டீன் டப்பாவைக் குறை சொல்கிறார்கள், புரோகிராமைக் குறை சொல்கிறார்கள். தப்பு அந்த எண்ணில் இருக்கிறது.

இது கொழுப்பை அளப்பதே இல்லை. ஒரு பாதத்திலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை ஏற்றி மறு பாதத்தில் வாங்கி, வழியில் எவ்வளவு தடை என்று பார்க்கிறது. தசையில் முக்கால் பங்குக்குக் கிட்டத் தண்ணீர், அதனால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, அதனால் தடை அதிகம். அந்தத் தடையோடு நாம் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா, நிற்கிற எடை எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுச் சதவீதம் சொல்கிறது. ஆக, அது பார்ப்பது உடம்பில் இருக்கும் தண்ணீரை. தண்ணீர் மாறினால் கொழுப்பு மாறியதாகச் சொல்லும். மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குவதால் வயிற்றுப் பக்கத்துக்குக் கணக்கில் பங்கு மிகக் குறைவு. நம்மூர் ஆண்களுக்குக் கொழுப்பு சேருவதே வயிற்றில்தான்.

குறிப்பேட்டிலிருந்து மூன்று நாள் கணக்கைத் தருகிறேன். சனிக்கிழமை காலை 80.2 கிலோ, கொழுப்பு 24.1 சதவீதம். அதாவது கொழுப்பு 19.3 கிலோ. அன்று இரவு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக் கருவாடும் (மத்தி) வயிறு நிறைய. ஞாயிறு காலை 81.6 கிலோ, கொழுப்பு 23.2 சதவீதம். பெருக்கிப் பாருங்கள்: கொழுப்பு 18.9 கிலோ. ஒரே இரவில் கொழுப்பு 400 கிராம் கரைந்து, கொழுப்பில்லாத எடை 1.8 கிலோ கூடியதாக மெஷின் சொல்கிறது. அதற்கடுத்த மூன்று நாள் சோறு, கிழங்கு இரண்டையும் கால்வாசியாக்கினால் புதன் காலை 79.4 கிலோ, கொழுப்பு 24.9 சதவீதம், அதாவது 19.8 கிலோ. குறைத்துச் சாப்பிட்ட மூன்று நாளில் 800 கிராமுக்கு மேல் கொழுப்பு ஏறியதாம்.

காரணம் எளிது. கிழங்கின் மாவுச்சத்து தசையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூட இழுத்து வைக்கும். கருவாட்டு உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தும். தண்ணீர் கூடியதும் தடை குறைகிறது, மெஷின் "தசை" என்கிறது. மாவுச்சத்தை வெட்டியதும் அந்தத் தண்ணீர் வெளியே போகிறது, மெஷின் "கொழுப்பு" என்கிறது. டயட் தொடங்கிய முதல் வாரத்திலேயே, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவனைப் பார்த்து உனக்குக் கொழுப்பு ஏறுகிறது என்று சொல்லும் கருவி இது. எத்தனை பேர் அந்த வாரத்தோடு விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பலத்துக்காக எடுக்கும் கிரியாட்டின் பொடியைத் தொடங்கினாலும் இதே கதைதான். தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் தசைக்குள் தண்ணீர் ஏறி ஒன்றிரண்டு கிலோ கூடும். அதையும் தசை வளர்ந்ததாகக் காட்டும். குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறினால் ஒரு எண், வெடித்துக் காய்ந்த குதிகாலோடு ஏறினால் இன்னொரு எண். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் தகட்டில் தொடர்பு சரியாக விழாமல் எண் எகிறும், சில நேரம் எண்ணே வராது. ஆப்பில் விளையாட்டு வீரர்களுக்கென்று அத்லெட் மோடு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் அதே ஆளுக்கு அதே நிமிடத்தில் ஐந்தாறு புள்ளி இறங்கிவிடும். உடம்பில் எதுவும் மாறவில்லை, சூத்திரம்தான் மாறியது.

எடை விஷயத்தில் இந்த மெஷின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கு மூலையிலும் உள்ள சென்சார்கள் இன்றுவரை 50 கிராம் வித்தியாசத்தைப் பிடிக்கின்றன. ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் அதே எண். சரிபார்க்க ஜிம்மின் எடைத் தட்டை (பிளேட்) நம்ப வேண்டாம், 20 என்று எழுதியிருப்பதெல்லாம் 20 இல்லை. லிட்டர் பாட்டிலால் அளந்து பத்து லிட்டர் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றுங்கள். காலி வாளியோடு ஒரு தடவை, தண்ணீர் வாளியோடு ஒரு தடவை ஏறுங்கள். வித்தியாசம் 10 கிலோவை ஒட்டி வர வேண்டும்.

தரை முக்கியம். பழைய சிவப்புச் சிமென்ட் தரை இதற்கு மிக நல்லது. டைல்ஸ் என்றால் எந்த மூலையும் இணைப்புக் கோட்டில் இறங்கி நிற்காமல் பாருங்கள். பாய், மேட் எதன் மேலும் வைக்கக்கூடாது. அடிப்பாகம் மேட்டில் பட்டால் எடையின் ஒரு பங்கு சென்சாருக்குப் போகாமல் நேராகத் தரைக்கு இறங்கிவிடும், எண் குறைத்துக் காட்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் பேட்டரிச் சுருள் கம்பி ஒரு வருடத்துக்குள் பச்சை பூத்துவிடும். அறிகுறி இதுதான்: எடை வரும், கொழுப்பு இடத்தில் எரர் வரும், அல்லது எண் ஏறி இறங்கி ஆடும். பழுதாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நைஸ் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் போதும். இடவப்பாதி மழை, அதாவது ஜூன் பருவமழை தொடங்கும் முன் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன் ஒரு தடவை செய்தால் பிரச்சினையே இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் இந்த மின்னோட்ட மெஷினில் ஏறவே கூடாது.

இனி இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம் என்பது. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் ஏறுங்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள். தனி நாள் எண்ணுக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். ஒரு உதாரணம், சனி முதல் வெள்ளி வரை: 80.6, 80.1, 81.3, 80.4, 80.2, 80.9, 80.0. சராசரி 80.5. அடுத்த வாரம்: 80.3, 79.8, 80.0, 81.1, 80.2, 79.6, 79.7. சராசரி 80.1. செவ்வாய்க்குச் செவ்வாய் பார்த்தால் 700 கிராம் ஏறியிருக்கிறது, ஏனென்றால் திங்களன்று கல்யாண வீட்டில் பாயசமும் பழமும் பப்படமும். சராசரியில் 400 கிராம் இறங்கியிருக்கிறது. இந்தச் சராசரிதான் உண்மை.

இப்படி நான்கு வாரம் ஓடியபின் இன்னொரு கணக்கும் கிடைக்கும். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி. வாரம் 400 கிராம் என்றால் 3080, நாளுக்கு 440. நீங்கள் அளந்து சாப்பிட்டது நாளுக்கு 2200 கலோரி என்றால், எடை ஏறாமல் இறங்காமல் நிற்க உங்கள் உடம்பு கேட்பது 2640 பக்கம். உயரம், வயது போட்டு இணையத்தில் எடுக்கும் எந்தக் கணக்கையும்விட இது உங்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் உங்கள் உடம்பே சொன்னது. முதல் வாரத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தண்ணீர் இறக்கம். இந்த ஒன்றுக்காகவே மெஷின் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

பலம் கூடிக்கொண்டே கொழுப்பு இறங்க வேண்டுமானால் வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீத இறக்கம் போதும். 80 கிலோ ஆளுக்கு 400 கிராம். ஒரு கிலோ வீதம் இறக்கினால் முதலில் போவது டெட்லிஃப்டின் (தரையிலிருந்து பாரம் தூக்குவது) கடைசி செட், அடுத்து தூக்கம். பலத்துக்காக எடை ஏற்றுகிறீர்கள் என்றால் கால் சதவீதம், அதாவது வாரம் 200 கிராம். அதற்கு மேல் ஏறுவதில் பெரும்பகுதி இடுப்பில்தான் சேரும். எப்போது இறக்குவது, எப்போது ஏற்றுவது என்பதை மெஷினிடம் கேட்க வேண்டாம். இடுப்பைக் கேளுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து என்பது மருத்துவர்கள் பார்க்கும் கோடு. அதற்கு மேல் இருக்கிறவர் பல்க்கிங், அதாவது எடை ஏற்றுவது, என்ற பேச்சையே எடுக்கக்கூடாது.

அந்த இடுப்பை அளக்கத் தையல் டேப் போதும். காலையில் நின்றபடி, மூச்சை விட்ட பிறகு, தொப்புள் மட்டத்தில், இறுக்காமல். கழுத்தைக் குரல்வளைக்குக் கீழே அளக்க வேண்டும். இடுப்பு, கழுத்து, உயரம் மூன்றையும் வைத்து ஆண்களுக்குக் கொழுப்பு சதவீதம் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு, அமெரிக்கக் கடற்படைக்காக 1984ல் உருவாக்கியது. உயரம் 67 அங்குலம், கழுத்து 15, இடுப்பு 36 என்றால் 22.6 சதவீதம். இடுப்பு 34 ஆனால் 18.8. இதிலும் மூன்று நான்கு புள்ளி பிசகலாம். ஆனால் கருவாடு தின்றதற்காக ஒரே இரவில் குட்டிக்கரணம் போடாது. மாதம் இரண்டு தடவை அளந்தால் போதும். இடுப்பு இறங்கி, ஸ்குவாட் அதே எடையில் நின்றாலோ ஏறினாலோ, போவது கொழுப்பு. இடுப்பு அப்படியே இருந்து ஸ்குவாட்டும் எடையும் இறங்கினால், போவது தசை. அப்போது சாப்பாட்டை 200 கலோரி கூட்டுங்கள்.

எதைக் குறைப்பது என்பதில்தான் நம் மாவட்டத்தில் பெரிய தவறு நடக்கிறது. எல்லோரும் கிழங்கிலும் சோற்றிலும் கை வைக்கிறார்கள். அவித்த மரச்சீனி 100 கிராம் சுமார் 160 கலோரி, ஸ்குவாட்டுக்கு எரிபொருளே அதுதான். யாரும் எண்ணாதது தேங்காய். துருவிய தேங்காய் 100 கிராமில் 350 கலோரி, ஒரு கைப்பிடியில் நூறுக்கு மேல். மீன் குழம்பில் அரைத்தது, அவியலில் போட்டது, புட்டுக்கு இடையில் வைத்தது, தாளித்த எண்ணெய் ஒரு கரண்டிக்கு 120 என்று கூட்டிப் பாருங்கள். தேங்காயைப் பாதியாக்கினாலே நாளொன்றுக்குக் கணிசமான கலோரி குறையும், பயிற்சியில் ஒரு ரெப்கூடக் குறையாது. நேந்திரங்காய் சிப்ஸ் 100 கிராம் ஐந்நூறைத் தாண்டும், அதைப் பொட்டலத்தோடு மடியில் வைத்துச் சாப்பிடுகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு மட்டி வாழைப்பழம் போதும்.

புரதம் கிலோவுக்கு 1.6 கிராமுக்குக் குறையக் கூடாது. 80 கிலோவுக்கு 130 கிராம் பக்கம். சுத்தம் செய்த சாளையோ அயிலையோ 300 கிராமில் 60, முட்டை நான்கில் 25, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45. இத்தனையே 130, கஞ்சியோடு சாப்பிடும் பயறு அதற்கு மேல் வரவு. மீன்பிடித் தடைக்காலத்தில், கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மீன் விலை ஏறும்போது பலருக்குப் புரதம் பாதியாகிறது. அந்த மாதங்களில் முட்டையை ஆறாக்கி, பயறைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது பலம் குறைந்தால் வெயிலைக் குற்றம் சொல்வதற்கு முன் தட்டைப் பாருங்கள்.

இவ்வளவு உழைத்த மெஷின் இது, எடையில் ஒரு நாள்கூட ஏமாற்றியதில்லை. ஆனாலும் தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். 50 கிராம் காட்டும் சாதா டிஜிட்டல் மெஷினும் ஒரு தையல் டேப்பும் வாங்கு, மிச்சக் காசுக்குச் சாளை வாங்கு. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விற்க வேண்டியதில்லை. காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறுங்கள். மின்சாரம் போக வழி இருக்காது, எடை மட்டும் வரும்.