ஆன்ஃபீல்ட் போறீங்களா? பழைய ப்ளேயர் வர்ற டூரையே எடுங்க

லிவர்பூல் ஃபுட்பால் கிளப் ஃபேன்ஸ் யாராச்சும் இங்கிலாந்து கெளம்புறாங்கன்னா மொத கேள்வியே அவங்க ஸ்டேடியமான ஆன்ஃபீல்ட்ல எந்த டூரை எடுக்கிறதுங்கிறதுதான். சாதாரண டூரும் போயிருக்கேன், லெஜன்ட்ஸ் க்யூ அண்ட் ஏ டூரும் போயிருக்கேன், காசு கூடத்தான் ஆகும் ஆனாலும் ரெண்டாவதுக்கே போங்கன்னுதான் சொல்வேன். ஸ்டேடியத்தையும் சுத்திப் பாத்துடலாம், லிவர்பூலுக்கு ஆடி ரிட்டயர் ஆன ஒருத்தர் நேர்ல வந்து பேசுவாரு, கேள்வி கேக்கலாம், கூட நின்னு ஃபோட்டோவும் எடுத்துக்கலாம்.

ஸ்டேடியம் சைடு பத்தி பெருசா எழுத ஒண்ணுமில்ல. மெயின் ஸ்டாண்ட் மேல இருந்து ஊரே தெரியும், டிரஸ்ஸிங் ரூம், பிரஸ் ரூம், டனல்ல அந்த "திஸ் இஸ் ஆன்ஃபீல்ட்" போர்டு, மேனேஜரும் மாத்து ப்ளேயர்ஸும் உக்கார்ற டக்அவுட், எல்லாம் சூப்பர். மியூசியத்துல ஆறு ஐரோப்பியன் கப்பு (இப்போ சாம்பியன்ஸ் லீக்னு சொல்றது), பழைய கேப்டன் ஸ்டீவன் ஜெரார்டுக்குன்னு தனியா ஒரு கலெக்‌ஷன். ஆனா இதெல்லாம் நாம யூட்யூப்ல பாத்துப் பாத்து பழகினதுதானே.

நான் போன அன்னிக்கு வந்தவரு 80கள்ல ஆடினவரு. பேரு சொல்லல, ஏன்னா வேற வேற ஆளுங்க வருவாங்க, நீங்க போற அன்னிக்கு வேற யாராச்சும் இருப்பாங்க, ஒரே பேரை மனசுல வச்சுட்டு போயிடாதீங்க. ஆரம்பத்துல எல்லாரும் உங்களுக்குப் புடிச்ச கோல் எது, இப்போ இருக்கிற டீம் எப்படின்னு கேட்டுட்டு இருந்தாங்க, அவரும் சிரிச்சுட்டே பதில் சொன்னாரு. அப்புறம் பின்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவரு பழைய மேனேஜர் பாப் பெய்ஸ்லி பத்தி கேட்டாரு பாருங்க, அங்கேர்ந்து பேச்சே வேற மாதிரி ஆயிடுச்சு. அது வரைக்கும் நிமிர்ந்து உக்காந்து பேசிட்டு இருந்த மனுஷன் முன்னாடி சாஞ்சு, கையெல்லாம் ஆட்டி, ட்ரெயினிங் கிரவுண்ட்ல யாரு எங்க நிப்பாங்கன்னு டேபிள் மேலயே காட்ட ஆரம்பிச்சுட்டாரு.

பெய்ஸ்லி 1939ல ப்ளேயரா கிளப்புக்கு வந்தவரு, அப்புறம் ஃபிசியோ, கோச், 1974ல மேனேஜர். ஒன்பது சீசன்ல ஆறு லீக் சாம்பியன்ஷிப், மூணு ஐரோப்பியன் கப். ஒரு ப்ளேயர் ஓடுறதைப் பாத்தே எங்க அடிபட்டிருக்குன்னு சொல்லிடுவாருன்னு அவருக்கு ஒரு பேரு உண்டு. மெயின் ஸ்டாண்டுக்கு வெளிய 2020ல வச்ச அவரோட சிலையை நிச்சயம் நின்னு பாருங்க, கையில கப்பு கிடையாது, 1968ல காயம்பட்ட ப்ளேயர் எம்லின் ஹியூஸைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வச்சிருக்காங்க. அத்தனை கப் ஜெயிச்சவருக்கு இப்படி ஒரு சிலை வைக்கணும்னு தோணிச்சு பாருங்க, எனக்கு அங்க இருந்து நகரவே மனசு வரல.

இந்த டூரை நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் பூட் ரூம். பெய்ஸ்லிக்கு முன்னாடி மேனேஜரா இருந்த பில் ஷாங்க்லி, பெய்ஸ்லி, கோச் ஜோ ஃபேகன் இவங்கெல்லாம் பூட்ஸ் வைக்கிற ஒரு சின்ன ரூம்ல உக்காந்து டீம் பத்திப் பேசுவாங்க, மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீம் மேனேஜரையும் கூப்பிட்டு ஏதாச்சும் குடிக்கக் குடுத்துப் பேசியே விஷயத்தைக் கறந்துடுவாங்க. 1990கள் ஆரம்பத்துல பிரஸ்ஸுக்கு இடம் வேணும்னு அதை இடிச்சுட்டாங்க. இன்னிக்கு அதே பேருல ஒரு கஃபே இருக்கு, அவ்ளோதான். அந்த ரூமை இனிமே பாக்க முடியாது, அந்தக் காலத்துல அங்க ஆடினவங்க சொல்லித்தான் கேக்க முடியும். அவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க, 1965ல கிளப்போட மொத எஃப்ஏ கப்பை வாங்கின கேப்டன் ரான் யேட்ஸ் 2024ல தவறிட்டாரு.

கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி ஃபேன்ஸ் உக்கார்ற காப் ஸ்டாண்ட் பக்கம் ஷாங்க்லி சிலைகிட்ட நிக்கும்போது ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க. ரெண்டாவது டிவிஷன்ல கெடந்த டீமை 1959ல எடுத்து மூணு லீக் சாம்பியன்ஷிப் ஜெயிச்ச மனுஷன், 1974ல திடீர்னு ராஜினாமா பண்ணிட்டாரு, ஆனா ஃபுட்பாலை விட்டு இருக்க முடியல, கிளப்போட அப்போதைய ட்ரெயினிங் கிரவுண்டான மெல்வுட்டுக்கு வந்துட்டே இருந்தாரு, ப்ளேயர்ஸ் அவரையே பாஸ்னு கூப்பிட்டாங்க, புது மேனேஜர் பெய்ஸ்லிக்கு சங்கடம்னு கடைசில வர வேண்டாம்னு ஆயிடுச்சு. பெய்ஸ்லி பக்கமும் நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கறேன். ஆனா ஷாங்க்லிக்கு அந்த வலி கடைசி வரைக்கும் போகல, 1981ல இறந்துட்டாரு. அதனாலதான் இப்போ பழைய ப்ளேயர்ஸுக்குன்னு மைக் குடுத்து உக்கார வைக்கிறதைப் பாத்தா எனக்கு அவ்ளோ சந்தோஷம். 2024 மார்ச்ல அயாக்ஸ் கூட பழைய ப்ளேயர்ஸ் ஆடின லெஜன்ட்ஸ் மேட்ச்ல, கேன்சர்ல இருந்த இங்கிலாந்து டீமோட பழைய மேனேஜர் ஸ்வென் யோரான் எரிக்சனை லிவர்பூல் டக்அவுட்ல உக்கார வச்சாங்களே, இந்த கிளப்புக்கு மேனேஜரா இருக்கணும்னு வாழ்நாள் ஆசை அவருக்கு. அந்த வருஷம் ஆகஸ்ட்லயே இறந்துட்டாரு. டூர்ல அந்த டக்அவுட்ல உக்காரும்போது எனக்கு ஞாபகம் வந்தது அவருதான்.

இது தினமும் நடக்கிற டூர் இல்ல, தேதி பாத்துட்டு டிக்கெட் போடுங்க, அதுக்கப்புறம் ஃப்ளைட், ஹோட்டல் எல்லாம். நம்ம ஆளுங்க பாதிப் பேரு செல்ஃபிக்கே நேரத்தைக் காலி பண்ணிடுறாங்க, தயவுசெஞ்சு ரெண்டு நல்ல கேள்வி யோசிச்சு வச்சுட்டு போங்க. ட்ரெயினிங் எப்படி இருக்கும், டீம்ல பேரு இல்லைங்கிறதை மேனேஜர் எப்படிச் சொல்வாரு, இந்த மாதிரி கேளுங்க, கோல் பத்திக் கேட்டா ஏற்கனவே தெரிஞ்ச பதில்தான் வரும். லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் பக்கத்துல குயின் ஸ்கொயர்ல இருந்து 17ஆம் நம்பர் பஸ் ஆன்ஃபீல்ட் போகும். கொஞ்சம் முன்னாடியே போயிட்டீங்கன்னா 1989ல ஹில்ஸ்பரோ ஸ்டேடிய நெரிசல்ல சிக்கி இறந்த லிவர்பூல் ஃபேன்ஸ் நினைவிடத்துல அந்த 97 பேரோட பெயரையும் நிதானமா படிச்சுட்டு உள்ள போகலாம்.