கறுப்புத் திரையா, வெள்ளைத் திரையா: ஆட்டோகேடில் கோடு எதில் தெளிவு?

கட்டட, இயந்திர வரைபடங்கள் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில், நாம் வரையும் இடமான மாடல் ஸ்பேஸ் இருட்டாகத் திறக்கும், பிரின்டுக்குத் தாளை அமைக்கும் லேஅவுட் வெள்ளைத் தாளாகத் திறக்கும். 'ஆப்ஷன்ஸ்' போய், 'டிஸ்ப்ளே' டேபில் 'கலர்ஸ்' பட்டனை அழுத்தினால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். எதை வைத்துக்கொள்வது?

நாள் முழுக்க வரைபவர் என்றால் கறுப்புதான் என்பேன். கண் கூசாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நம்மில் பலர் அதிகம் பயன்படுத்தும் மஞ்சள், பச்சை, சயான் மூன்றும் இருட்டில்தான் பளிச்சென்று தெரியும். ஒரு பீமின் கம்பி விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் கம்பி மஞ்சள், அதைச் சுற்றிக் கட்டும் வளையமான ஸ்டிரப் சயான். கறுப்பில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக எண்ணலாம். அதையே வெள்ளையில் திறந்தால் மஞ்சள் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும்.

கறுப்பிலும் குறை உண்டு. ஆட்டோகேடின் எண்ணிட்ட வண்ணப் பட்டியலில் (இண்டெக்ஸ் வண்ணங்கள்) 5-ஆம் எண்ணான நீலம் அமுங்கிவிடும். புது வெர்ஷன்களில் வரும் கருஞ்சாம்பல் திரையில் 250-ஆம் எண் அடர்சாம்பல் கோட்டைத் தேடத்தான் வேண்டும். இந்த இரண்டும் வெள்ளையில் அருமையாகத் தெரியும். வெளிச்சமான அறையில் புரொஜெக்டரில் காட்டவும், அறிக்கையில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டவும் வெள்ளையே சரி.

இரண்டு திரையிலும் தாக்குப்பிடிப்பது 7-ஆம் எண். இருட்டில் வெள்ளையாகவும் வெளுப்பில் கறுப்பாகவும் தானே மாறிக்கொள்ளும். அதற்குப் பதிலாக ட்ரூ கலரில் (எண்ணுக்குப் பதில் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் கொடுக்கும் முறை) 255,255,255 என்ற வெள்ளையைக் கொடுத்துவிட்டால் வெள்ளைத் திரையில் கோடே இருக்காது, பிரின்டிலும் வராது. எல்லா வண்ணத்தையும் கறுப்பாக பிரின்ட் செய்யும் மோனோகுரோம் சிடிபி (வண்ணத்தை வைத்து பிரின்ட் அமைப்பைத் தீர்மானிக்கும் ஃபைல்) போட்டாலும் காப்பாற்றாது. சிடிபி கவனிப்பது 255 இண்டெக்ஸ் வண்ணங்களை மட்டுமே.

திரையில் தெரியவில்லை என்று சிலர் லேயர் (கோடுகளை வகைவாரியாகப் பிரித்துவைக்கும் அடுக்கு) கலரையே மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிடிபியில் கலர்தான் பேனா, கோட்டின் தடிமனை அதுவே தீர்மானிக்கும். மஞ்சளுக்கு 0.5 மி.மீ. என்று வைத்திருக்கும் ஆபீஸில் அதை ஆரஞ்சாக்கினால், பிரின்டில் கோட்டின் தடிமனும் மாறிப்போகும். பெயரிட்ட ஸ்டைல்களை வைத்து பிரின்ட் செய்யும் எஸ்டிபி ஃபைலில் இந்தச் சிக்கல் இல்லை, தடிமன் ஸ்டைல் பெயரோடு போகும். ஆனால் ஃபைல் பரிமாறும் எல்லோரும் எஸ்டிபிக்கு வந்தால்தான் பயன். அதனால் பின்னணியை மாற்றுங்கள், லேயரை விட்டுவிடுங்கள்.

லைன்வெயிட் (கோட்டின் தடிமன்) காட்டும் பட்டனை மாடலில் அணைத்தே வைப்பது நல்லது. அங்கே தடிமன் பிக்ஸல் கணக்கில் காட்டப்படுவதால், ஜூம் அவுட் செய்தாலும் கோடு மெலியாது, நெருக்கமான கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லேஅவுட்டில் தாளின் நிஜ அளவில் காட்டும். அங்கே போட்டுக்கொண்டு தடிமனைச் சரிபாருங்கள்.

புது டெம்ப்ளேட் தயாரிப்பவர் சிவப்பு, மெஜெந்தா, 30-ஆம் எண் ஆரஞ்சு, 7 ஆகியவற்றை முக்கிய லேயர்களுக்குக் கொடுக்கலாம். இந்த நான்கும் எந்தத் திரையிலும் தெரியும்.