தாரகன் கதையா, சூரன் கதையா?
வடக்க கார்த்திகேயன்னா தாரகாசுரன கொல்லப் பிறந்தவர். சிவனோட பிள்ளை கையாலதான் சாவுன்னு வரம் வாங்கி வெச்சிருந்தான், பிள்ளை பிறந்துச்சு, போர் நடந்துச்சு, செத்தான், அவ்வளவுதான்.

நம்ம கச்சியப்பர் கந்தபுராணத்துல அதே தாரகன் யானைமுகத்தோட சூரபத்மனுக்கு தம்பியா வர்றான், கிரௌஞ்ச மலையோட சேர்த்து அவன் கதை ஆரம்பத்துலயே முடிஞ்சிடும். அப்புறம் சிங்கமுகன், கடைசிலதான் சூரன். அவன் கடலுக்குள்ள மாமரமா நிக்கிறான், வேல் வந்து ரெண்டா பிளக்குது, ஒரு பாதி மயிலு ஒரு பாதி சேவலு, அப்பவும் அடங்காம ரெண்டும் முருகன் மேலயே பாயுது, அவர் ஒரு பார்வைதான் பார்க்குறாரு, மயில் வாகனமாயிடுச்சு சேவல் கொடியாயிடுச்சு. எனக்கு இந்த இடம்தான் உசுரு, அவ்ளோ அட்டூழியம் பண்ணவன அழிக்காம கூடவே வெச்சுக்கிட்டாரு பாருங்க, தாரகன் கதைல இந்தக் கருணை இல்லவே இல்ல.

திருச்செந்தூர்ல ஐப்பசி சஷ்டி அன்னிக்கு கடற்கரை மணல்ல நின்னு பாருங்க. சூரனுக்கு யானைத்தலை, சிங்கத்தலைன்னு மாத்தி மாத்தி வெச்சுக் கொண்டு வருவாங்க, ஒவ்வொரு தடவையும் வேல் போய் தொட்டதும் தலைய எடுத்துடுவாங்க, அப்ப மொத்த கூட்டமும் அரோகரான்னு கத்தும், அலை சத்தமே கேக்காது.