“டெஸ்ட் பண்ணி அனுப்புறேன்ணே” என்று சொல்லி 2,340 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

ஆன்லைனில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ஒரு கடையில் 2,340 ரூபாயை விட்டுவிட்டு எழுதுகிறேன். ஆத்திரம் அடங்கவில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனில் மாமாவின் விசைப்படகுக்குத் தடைக்காலத்தில் புது புரொப்பல்லர் மாட்டினார்கள். அது அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் இன்ஜின் முழுச் சுற்றுக்கு ஏறாமல் திணறும், டீசலைத் தின்னும். மெக்கானிக் காதை வைத்துத்தான் சொல்கிறார். சரி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் நாமே செய்வோம் என்று இறங்கினேன். ஃப்ளைவீலில் ஒரு காந்தம், பக்கத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், கணக்குப் போட ஆர்டுயினோ நானோ என்ற குட்டி போர்டு, டிஸ்பிளே. நொடிக்கு 25 தடவை காந்தம் கடந்தால் 60-ஆல் பெருக்க நிமிடத்துக்கு 1500 சுற்று. கூட்டாளிகளும் கேட்டதால் நாலு செட்.

பணம் போடும் முன் போன் செய்தேன். படகுக்கு என்றதும் எடுத்த பையன், “அண்ணே, உப்புக் காத்து, சென்சார் காலை மூடி ஒட்டிடுங்க” என்றான். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். “ஏ3144 சென்சார் தானே, ஒவ்வொண்ணையும் டெஸ்ட் பண்ணி அனுப்புறேன்ணே, நேரா ஜிபே பண்ணுங்க, குறைச்சுத் தர்றேன்.” பண்ணினேன், 2,340.

வந்த நாலு நானோவில் மூன்றைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை, டிரைவர் போட்டும் கேபிள் மாற்றியும். நாலாவதில் சென்சாரைச் சால்டர் வைத்துப் பற்றவைத்து மேசை விசிறியில் ஓட்டினால் திரையில் 0 அசையவில்லை. ராத்திரி முழுக்க புரோகிராம் கோடைத் திருத்தினேன். விடியும்போதுதான் மல்டிமீட்டர் வைத்தேன். ஏ3144 வெறும் சுவிட்ச், அவுட்புட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் புல்அப் ரெசிஸ்டரோடு காந்தம் இல்லாதபோது 5 வோல்ட், காந்தத்தின் சரியான முகத்தைக் காட்டினால் 0. இதில் சும்மா இருக்கும்போதே 2.5, காந்தத்துக்கு ஏற்ப மெல்ல ஏறி இறங்குகிறது. 49ஈ ரகம், சுவிட்சே இல்லை, காந்தத்தின் பலத்தை வோல்ட்டாகக் காட்டும் வேறு சென்சார்! மேலே இருந்த எழுத்தையும் தேய்த்திருக்கிறார்கள், போன் கேமராவில் பெரிதாக்கினால் கீறல் தெரிகிறது.

அதே பையன்தான், “உங்க கோடு தப்பு” என்றான். அப்புறம் “பத்தவச்சா ரிட்டர்ன் கிடையாது.” அப்புறம் “பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?” நேற்றோடு பிளாக். வெப்சைட்டில் ஆர்டரே இல்லாததால் காட்ட ஜிபே ரசீது மட்டும்தான், 2,340. நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லியிருக்கிறேன்.

நேராகப் பணம் போடாதீர்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பற்றவைக்கும் முன் மல்டிமீட்டர். மற்றதை எழுத இப்போது முடியவில்லை, மாமா படகு இன்றிரவு கிளம்புகிறது, மீட்டர் எங்கே மாப்ளே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.