காகித நுண்ணோக்கியும் குழந்தைகளின் கேள்விகளும்: ஃபோல்ட்ஸ்கோப் மதிப்புரை

தடித்த தாளை மடித்து நாமே செய்துகொள்ளும் நுண்ணோக்கிதான் ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கி, 2014ஆம் ஆண்டில் ஆய்விதழ் ஒன்றில் விவரித்த கருவி இது. ஓயாமல் கேள்வி கேட்கும் ஆறேழு வயதுக் குழந்தையோடு சேர்ந்து விடை தேட இது எவ்வளவு உதவும் என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.

மிகச் சிறிய கண்ணாடிக் குண்டு ஒன்றே இதன் வில்லை (லென்ஸ்). 1670களில் நெதர்லாந்தைச் சேர்ந்த நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக் ஏரித் தண்ணீரில் நுண்ணுயிர்களைக் கண்டதும் இதுபோன்ற ஒற்றை வில்லையால்தான். பொருளை 140 மடங்கு பெரிதாக்கும் இக்கருவி, ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுணுக்கங்கள் வரை பிரித்துக் காட்டும்.

செம்பருத்தியைத் தொட்டதும் மஞ்சள் பொடி ஏன் விரலில் ஒட்டிக்கொள்கிறது என்று குழந்தை கேட்டால், ‘மகரந்தச் சேர்க்கை’ என்று சொல்லி முடித்துவிடாமல், அந்தப் பொடியில் சிறிது எடுத்து ஸ்லைடில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுங்கள். உருண்டையான துகள்களும் அவற்றைச் சுற்றிலும் முட்களும் நிழலுருவாகத் தெரியும். பூச்சியின் மேல் அவை எப்படித் தொற்றிக்கொள்ளும் என்பதைப் பெரும்பாலும் குழந்தையே ஊகித்துவிடும். வெங்காயத்தின் உள்தோலை உரித்து வைத்தால் செல்கள் செங்கல் சுவரைப் போல அடுக்கடுக்காகத் தெரியும். கொசுவின் இறக்கையை வைத்தால் அதன் நரம்புகளில் படிந்திருக்கும் செதில்களைக் காணலாம்.

எல்லாக் கேள்விகளுக்கும் இது ஈடுகொடுக்காது. பாலைத் தயிராக்குவது பாக்டீரியா என்று கேட்ட குழந்தை அதைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தால், இக்கருவியை நம்பி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தயிரிலுள்ள லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் அகலம் 1 மைக்ரானுக்கும் குறைவு. ஒளி ஊடுருவாத பொருள்களைப் பார்ப்பதற்கும் இது ஏற்றதன்று. கைபேசித் திரையில் வெள்ளை நிறம் எப்படி வருகிறது என்ற கேள்விக்கு, இக்கருவி தேவையில்லை; திரையில் ஒரு சிறு துளி நீரை வைத்தாலே போதும். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் அதற்குள் பிரிந்து தெரியும்.

கண்ணை வைத்துப் பார்க்கும்போது குழந்தை ‘தெரியுது’ என்று சொன்னாலும், அது பார்ப்பது மகரந்தமா, தன் கண்ணிமை மயிரா என்பது அருகில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே, காந்தத்தால் கருவியைக் கைபேசிக் கேமராவோடு பொருத்தி இருவரும் திரையில் ஒன்றாகப் பார்க்கும் வசதியையே இதன் பெரிய பலமாகக் கருதுகிறேன். அடுத்த கேள்வி அந்த உரையாடலில்தான் பிறக்கிறது.

மடித்துச் செய்யும் வேலைக்குப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல பூதக்கண்ணாடியே பொருந்தும். கண்ணாடி ஸ்லைடு உடைந்து கையைக் கிழிக்கக்கூடும் என்பதால், சிறுவர்களிடம் காகித ஸ்லைடுகளையே கொடுங்கள்.